லிஃப்ட்காரனின் பறவைக் கணக்கு

மேலே பார்ப்பதுதான் என் பிழைப்பு,
இருபத்தாறு வருடமாக.
புவனோஸ் ஐரிஸின் பழைய கட்டடங்களில்
மடக்குக் கம்பிக்கதவை ஒதுக்கிவிட்டு
இருட்டுக் கிணற்றுக்குள் கழுத்தை நீட்டி
கம்பிவடத்தைப் பார்ப்பேன், எடைக்கல்லைப் பார்ப்பேன்,
கிரீஸ் காய்ந்த பல்சக்கரத்தைப் பார்ப்பேன்.
அங்கே எதுவும் பறக்காது.
பறந்தால் காப்பீட்டுக்காரர்கள் வருவார்கள்.

பைனாகுலர் எனக்குக் குலுக்கலில் விழுந்தது.
பேட்டைக் கால்பந்து கிளப், இரண்டாம் பரிசு.
நான் ஆசைப்பட்டதோ முதல் பரிசுக்கு:
உப்பிட்டு உலர்த்திய முழுப் பன்றித்தொடை.
அது மருந்துக்கடை எவாரிஸ்தோவுக்குப் போயிற்று.
அவனுக்குப் பல்லே இல்லை.

ஆறு மாதம் அலமாரியில் தூங்கியதை
ஜூலையில், குளிர் காதைக் கடித்த ஒரு சனிக்கிழமை
கழுத்தில் மாட்டிக்கொண்டு
ஆற்றோரச் சரணாலயத்துக்கு நடந்தேன்.
வாசலில் சோரிப்பான் சுட்டுக்கொண்டிருந்த வென்செஸ்லாவோ
புகைக்கு நடுவிலிருந்து கேட்டான்:
"யார் வீட்டுப் பெண்டாட்டியை வேவு பார்க்கிறாய்?"

முதல் ஒரு மணிநேரம் இலை பார்த்தேன்.
கண்ணாடியைத் தூக்குவதற்குள் கிளை காலி.
தூக்கிய பிறகு
கிளையையே காணோம்.
புதருக்குள் ஒன்று விசிலடித்தது, உள்ளேயே இன்னொன்று சிரித்தது,
காதுக்கு எட்டியது எதுவும் கண்ணுக்கு எட்டவில்லை.
நாணலோரம் ஒரு வெண்கொக்கு.
இருபது நிமிடம் மூச்சடக்கி நின்றேன்.
காற்று வந்தது. கொக்கு உப்பியது.
சூப்பர்மார்க்கெட் பெயர் அதன் வயிற்றில் தெரிந்தது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
சிறியது, பழுப்பு.
இன்னும் சிறியது, இன்னும் பழுப்பு.
மூன்றாவது, போய்விட்டது.

தெல்ஃபினா சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா,
இந்தப் பைத்தியத்தில் எனக்கு இரண்டு சனிக்கிழமை மூத்தவள்.
குளத்தங்கரைப் பலகையில் ஒரே ஒரு வாத்துக்காக
அரைமணி நேரம் சண்டை போட்டோம்.
அவள் வாலைப் பிடித்துக்கொண்டாள்,
நான் அலகை விடவில்லை.
புத்தகம் அவள் பக்கமும் பேசியது, என் பக்கமும் பேசியது.
வாத்து தலையைத் தண்ணீருக்குள் விட்டு
பின்புறத்தைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தது.

அப்புறம் ஆற்றுப்பக்கம் தனியே போனேன்.

இந்தக் கரை ஆறு கொடுத்ததல்ல.
இடித்த வீடுகளைக் கொண்டுவந்து கொட்டி
ஆற்றைத் தள்ளி நிறுத்திய தரை.
அலை தேய்த்த செங்கல், கூழாங்கல் போல் உருண்டு.
நீலப் பூப் போட்ட குளியலறை ஓடு.
பளிங்குப் படி ஒன்றின் மூலை,
நடுவில் பள்ளம் விழுந்து.
ஏறி ஏறி யாருக்கோ முழங்கால் வலித்திருக்கும்,
அவர்களுக்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அந்தப் படியில் வந்து உட்கார்ந்தது.
எலுமிச்சை நெஞ்சு.
கண்ணைக் குறுக்காக அடித்த கறுப்புக் கோடு,
அதன்மேல் வெள்ளைப் புருவம்.
கண்ணாடி தேவைப்படவில்லை, கை மறந்துவிட்டது.
வாயைத் திறந்து
தன் பெயரைத் தானே கத்தியது:
பெந்தெவெயோ.

எங்கள் ஊரில் அந்தக் கூவலுக்குப் பொருள் உண்டு:
'நன்றாய்ப் பார்க்கிறேன் உன்னை.'

பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்.
ஆன்டெனா மேல், பள்ளிக்கூடச் சுவர் மேல்,
அப்பாவை இறக்கிய அன்று கல்லறை சைப்ரஸில்.
டிராம் மணி போல, பக்கத்துவீட்டு ரேடியோ போல,
அதற்கு ஒரு முகம் இருக்கும் என்று
ஐம்பத்திரண்டு வயதுவரை தோன்றவில்லை எனக்கு.

அதுவோ இத்தனை நாளும்
சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

திரும்பி வந்து தெல்ஃபினாவிடம் காட்டினேன்.
எண் ஒன்று. பெந்தெவெயோ. பளிங்குப் படி. பதினொன்று பத்து.
சிரித்தாள்.
"இதையெல்லாமா எழுதுவது?
குழந்தைக்கும் தெரியுமே இதை."
எனக்குத் தெரியாதே என்றேன்.

பேனாவை வாங்கினாள்.
தன் குறிப்பேட்டைப் பின்னுக்குப் புரட்டி
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
முதல் வரிக்கும் மேலே, ஓரத்தில் கிடைத்த இடத்தில்
சின்னதாக எழுதிக்கொண்டாள்.

வாத்து இன்னும் முடிவாகவில்லை.